154 வெற்றிகளும் ஒரு தோல்வியும்: பிரெஞ்சு மக்களின் செல்லப்பிள்ளை டெடி ரினேர்

2020-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் நகரின் பெர்சி உள்ளரங்கத்தில் சர்வதேச ஜூடோ பந்தயம் நடந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு வீரரைப் பார்க்க வந்தவர்கள். அவர் பெயர் டெடி ரினேர். உயரம் 2 மீட்டர் 4 சென்டி மீட்டர். நம் கணக்கில் ஆறடி எட்டு அங்குலம்.

அன்றைய தேதி வரை அவர் தொடர்ந்து 154 ஆட்டங்களில் வென்றிருந்தார். தோல்வி என்பதை அவர் பார்த்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கடைசியாகத் தோற்றபோது முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக் கொண்டிருக்கும்.

மூன்றாவது சுற்றில் அவரை எதிர்த்து நின்றவர் கோகோரோ காகெயுரா என்ற ஜப்பானிய வீரர். ரினேரை விட உருவத்தில் சிறியவர். எதிராளியை எறிய ரினேர் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தையே காகெயுரா பயன்படுத்திக் கொண்டார். மலை போன்ற அந்த மனிதர் சாய்ந்து விழுந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது.

அரங்கமே திகைத்துப் போயிற்று. ஆனால் ரினேர் தீர்ப்பை எதிர்த்து வாதாடவில்லை. தோற்றதில் ஒருவகையில் பாரம் இறங்கியது போல இருக்கிறது என்ற பொருளில் பின்னர் பேசினார். வெற்றிக்காக அவரைக் கொண்டாடிய மக்கள், அந்தத் தோல்விக்குப் பிறகும் அவரை விட்டு விலகவில்லை. முன்னிலும் நெருங்கி வந்தார்கள். ஒரு விளையாட்டு வீரரிடம் ஒரு தேசம் இவ்வளவு பாசம் வைத்தது எப்படி?

கரும்புத் தீவில் பிறந்தவர்

ரினேர் 1989-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி குவாதலூப் தீவில் பிறந்தார். பாரிசிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஏறத்தாழ 6,700 கிலோ மீட்டர் தொலைவில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு நடுவே இருக்கிறது அந்தத் தீவு. தூரம் இவ்வளவு இருந்தாலும் அது பிரான்சின் ஒரு பகுதி. அங்குள்ளவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள்.

குவாதலூப் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமான பெயர் அல்ல. அடிமை முறை ஒழிந்த பிறகு, அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. 1854-ம் ஆண்டு தொடங்கிச் சுமார் 35 ஆண்டுகள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறி ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுடைய சந்ததியார் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். ரினேர் அந்த வழியில் வந்தவர் அல்லர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட மக்களின் வழி வந்த கறுப்பர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

அந்தத் தீவிலிருந்து பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வருவது நெடுநாளைய வழக்கம். 1963-ம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. தீவுகளிலிருந்து ஆட்களை வரவழைத்துத் தபால் இலாகாவிலும், ஆஸ்பத்திரிகளிலும், கட்டட வேலைகளிலும் சேர்த்தது. குடியுரிமை இருந்தும், நிறத்தால் வேற்று மனிதர்களாகப் பார்க்கப்பட்ட கசப்பு அவர்களுக்கு உண்டு. இப்படி வந்து குடியேறியவர்கள் நிறைந்த பாரிஸ் நகரில்தான் ரினேர் வளர்ந்தார்.

சிறுவன் ஓரிடத்தில் சும்மா இருக்கமாட்டான். கால்பந்து, நீச்சல், டென்னிஸ் என்று பலவற்றையும் ஆடிப் பார்த்தான். ஐந்தாறு வயதில் தொடங்கிய ஜூடோதான் கடைசியில் நிலைத்தது.

முதல் பாடம் விழுவது

ஜூடோ ஜப்பானில் பிறந்த கலை. ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர் 1882-ம் ஆண்டு டோக்கியோவில் ஒரு புத்த ஆலயத்தின் அறையில் தொடங்கி வைத்தது. பழைய போர்க்கலைகளில் உயிருக்கு ஆபத்தான பிடிகளை நீக்கிவிட்டு, இளைஞர்களுக்கான உடற்பயிற்சியாகவும் ஒழுக்கப் பயிற்சியாகவும் அவர் அதை அமைத்தார்.

பார்வைக்குக் குஸ்தி மாதிரி இருக்கும். ஆனால் வேறுபாடு உண்டு. இருவரும் தடித்த வெள்ளை அல்லது நீலச் சட்டை அணிந்து இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பார்கள். சட்டையைப் பிடித்துத்தான் எதிராளியைச் சாய்க்க வேண்டும். முதுகு முழுவதும் பாயில் படும்படி, வேகத்தோடும் பலத்தோடும் எறிந்துவிட்டால் அந்த நொடியே வெற்றி. அதற்கு 'இப்போன்' என்று பெயர். எறி அரைகுறையாக இருந்தால் குறைந்த மதிப்பெண். எதிராளியை 20 விநாடி மல்லாத்திப் பிடித்து வைத்தாலும் வெற்றிதான். ஆட்ட நேரம் 4 நிமிடம். அதற்குள் முடிவு தெரியாவிட்டால், யாராவது ஒருவர் மதிப்பெண் எடுக்கும் வரை ஆட்டம் நீளும்.

ஜூடோ பள்ளியில் சேரும் குழந்தைக்கு முதலில் சொல்லித் தருவது எறிவதை அல்ல, விழுவதை! தலையை உள்ளிழுத்து, கையால் பாயைத் தட்டி, அடிபடாமல் விழ வேண்டும். விழுந்ததும் எழ வேண்டும். எழுந்ததும் எதிராளிக்குத் தலை வணங்க வேண்டும்.

ஜப்பானை மிஞ்சிய பிரான்ஸ்

இந்தக் கலையைப் பிரான்சில் வேரூன்றச் செய்தவர் மிகினோசுகே கவாயிஷி என்ற ஜப்பானியர். 1935-ம் ஆண்டு பாரிசுக்கு வந்தார். ஐரோப்பியர்கள் பொறுமை குறைந்தவர்கள் என்பதை உணர்ந்து, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வர்ண பெல்ட் கொடுக்கும் முறையைப் பரப்பினார். அடுத்த வர்ணத்தை வாங்கும் ஆசையில் மாணவர்கள் விடாமல் வந்தார்கள். 1946-ம் ஆண்டு பிரெஞ்சு ஜூடோ சம்மேளனம் உருவானது.

இன்று ஐந்து லட்சம் பேருக்கு மேல் அந்தச் சம்மேளனத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். ஜூடோ பிறந்த ஜப்பானில்கூடப் பதிவு பெற்றவர்கள் இத்தனை பேர் இல்லை! பிரான்சில் பதிவானவர்களில் பெரும் பகுதி பள்ளிக் குழந்தைகள். புதன்கிழமை அங்கே சின்ன வகுப்புகளுக்குப் பெரும்பாலும் விடுமுறை. அன்றைக்கு வெள்ளைச் சட்டைப் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு குழந்தைகள் ஜூடோ கூடத்துக்குப் போவது சாதாரணக் காட்சி.

கூடங்களின் சுவரில் ஒரு பலகை தொங்கும். மரியாதை, துணிவு, வாய்மை, மானம், அடக்கம், மதிப்பு, தன்னடக்கம், நட்பு என்று எட்டுக் குணங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். பிள்ளை சாம்பியன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, இவற்றில் இரண்டு மூன்றையாவது கற்றுக் கொண்டு வரட்டும் என்றுதான் பெற்றோர்கள் அனுப்புகிறார்கள். ஜூடோ சாம்பியனை அந்த நாடு வெறும் விளையாட்டு வீரராக மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு முன் மாதிரியாகவும் பார்க்கிறது. அது பெருமையும்தான், பாரமும்தான்.

முன்னே சென்றவர்

ரினேருக்கு முன் அந்தப் பாரத்தைச் சுமந்தவர் டேவிட் டூயே. அவரும் பெரிய ஆகிருதி படைத்தவர். 1996-ல் அட்லாண்டாவிலும், 2000-ல் சிட்னியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அட்லாண்டா வெற்றிக்குச் சில வாரங்களில் மோட்டார் சைக்கிள் விபத்தில் பலத்த காயம் அடைந்தார். விளையாட்டு வாழ்க்கை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். மறு ஆண்டே பாரிசில் உலகப் பட்டத்தை வென்று காட்டினார்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்காகச் சில்லறைக் காசு திரட்டும் இயக்கம் ஒன்று பிரான்சில் உண்டு. ஜனாதிபதி ஷிராக்கின் மனைவியோடு சேர்ந்து டூயே அதற்காக ஊர் ஊராகச் சென்றார். நாட்டின் மிகவும் பிரியமான மனிதர்கள் பட்டியலில் அவர் பெயர் முன்வரிசையில் நின்றது. பிற்காலத்தில் விளையாட்டுத் துறை மந்திரியாகவும் இருந்தார்.

டூயே சிட்னியில் வென்றபோது ரினேருக்கு வயது 11.

பதினெட்டு வயதில் உலக சாம்பியன்

ரினேர் ஏணியில் ஏறவில்லை. தாவினார் என்றே சொல்ல வேண்டும். 2006-ல் இளையோர் உலகப் பட்டம். 2007-ல் ஐரோப்பியப் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் உலகப் பட்டம். அந்தப் பந்தயத்தில் அவர் வீழ்த்தியவர்களில் ஜப்பானின் கோசெய் இனோவே என்ற ஒலிம்பிக் சாம்பியனும் ஒருவர். அப்போது ரினேருக்கு 18 வயது ஐந்து மாதம். அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் ஆண்களில் யாரும் ஜூடோ உலகப் பட்டம் வென்றதில்லை.

மறு ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் நிச்சயம் என்றார்கள். உஸ்பெகிஸ்தான் வீரர் தங்கிரியேவ் கால் இறுதியில் அவரைத் தோற்கடித்தார். வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்.

2010-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி டோக்கியோவில் இன்னொரு தோல்வி. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் கமிகாவாவுக்கு நடுவர்கள் கொடி தூக்கினார்கள். மூன்று நடுவர்களில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். ரினேருக்கு அப்போது 21 வயது. தன் வெற்றி பறிக்கப்பட்டது என்றே அவர் கருதினார். கோபத்தை மறைக்கவும் இல்லை.

அந்தக் கோபம் வீணாகவில்லை. அன்றிலிருந்து தொடங்கியதுதான் 154 ஆட்ட வெற்றி வரிசை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக் தங்கம். 2016-ல் ரியோ ஒலிம்பிக் தங்கம். ரியோ தொடக்க விழாவில் பிரெஞ்சுக் கொடியை ஏந்தி அணிக்கு முன்னால் நடந்தவரும் அவரே. 2017 முடிவதற்குள் உலகப் பட்டங்கள் பத்து ஆகிவிட்டன.

குறை சொன்னவர்களும் இல்லாமல் இல்லை. எதிராளி தன் சட்டையைப் பிடிக்கவே விடாமல் தடுத்து, அபராதப் புள்ளிகளால் வெல்கிறார், அழகான எறி இல்லை என்றார்கள். ரியோ இறுதி ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டார்கள். வெல்ல முடியாதவர் என்று பெயர் எடுத்தவரை மக்கள் வியப்பார்கள். ஆனால் அவர்மேல் பாசம் வைப்பது எளிதல்ல.

வீழ்ச்சிக்குப் பின்

2017 இறுதியில் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ரினேர் பந்தயங்களிலிருந்து ஒதுங்கி இருந்தார். உடல் எடை கூடியது. திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. ஜப்பானின் யமாஷிதா என்ற மாவீரர் 1977 முதல் 1985 வரை 203 ஆட்டங்களில் தோல்வி காணாதவர். அந்தக் கணக்கை ரினேர் எட்டிப் பிடிப்பாரா என்று எல்லோரும் எண்ணிக் கொண்டிருந்த நேரத்தில்தான் காகெயுரா குறுக்கே வந்தார்.

2010-ல் தோற்றவர் கோபக்கார இளைஞர். 2020-ல் தோற்றவர் 30 வயதுத் தகப்பன். முதல் தோல்வியை ஏற்க முடியாதவர், அடுத்ததை அமைதியாக ஏற்றுக் கொண்டார். குழந்தையாக இருந்தபோது கூடத்தில் கற்ற முதல் பாடம், அவருக்கு இப்போதுதான் முழுவதும் கைவந்தது போலும்!

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப் போன டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. அதற்குச் சில மாதங்கள் முன் முழங்காலில் காயம். கால் இறுதியில் ரஷ்ய வீரர் பஷாயேவிடம் தோற்றார். மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் கைநழுவியது. இடிந்து போய் உட்கார்ந்துவிடவில்லை. அன்றே மற்ற ஆட்டங்களில் வென்று வெண்கலம் பெற்றார். மறு நாள் கலப்பு அணிப் போட்டியில் பிரெஞ்சு அணி, ஜப்பானை அதன் சொந்த மண்ணிலேயே 4-1 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது.

2022-ல் கணுக்கால் காயம். உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. 2023-ல் கத்தார் நாட்டின் தோகா நகரில் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். அது பதினோராவது. அந்த இறுதி ஆட்டத்தில் எதிராளி டசோயேவ் எடுத்த ஒரு புள்ளியை நடுவர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று சர்வதேசச் சம்மேளனம் பின்னர் ஒப்புக் கொண்டு, அவருக்கும் ஒரு தங்கம் கொடுத்தது. 34 வயதில் வந்த பட்டத்தில் இப்படி ஒரு பங்காளி!

சொந்த ஊரில் ஒரு வாரம்

2024-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. மழை கொட்டியது. ஒலிம்பிக் தீபத்தைக் கடைசியாக ஏற்றப் போவது யார் என்பதை ரகசியமாக வைத்திருந்தார்கள். இரவு அந்த இருவரும் தெரிந்தனர். ஒருவர் மாரி ஜோசே பெரெக். 1992-லும் 1996-லும் ஓட்டப் பந்தயங்களில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற வீராங்கனை. மற்றவர் ரினேர். இருவரும் குவாதலூப்பில் பிறந்தவர்கள்! அவர்கள் ஏற்றி வைத்த தீபம் பெரிய பலூனோடு பாரிஸ் வானில் உயர்ந்தது. தீவில் பிறந்த இரண்டு கறுப்பர்களின் கையில் நாடு தன் தீபத்தைக் கொடுத்த அந்தக் காட்சியை, எத்தனையோ குடும்பங்கள் டெலிவிஷன் முன் அமர்ந்து பார்த்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 2-ந் தேதி, ஐபெல் கோபுரத்துக்கு அருகே அமைத்த அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியாவின் கிம் மின்-ஜோங். அந்த ஆண்டின் உலக சாம்பியன். ரினேரை விடப் பதினோரு வயது இளையவர். ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. ரினேர் இடுப்பால் தூக்கி எறிந்தார். எதிராளியின் முதுகு பாயில் விழுந்தது. இப்போன்! அழகான எறி இல்லை என்று குறை சொன்னவர்களுக்கு 35 வயதில் அவர் கொடுத்த பதில் அது.

மறு நாள் அணிப் போட்டி. இறுதியில் மறுபடியும் ஜப்பான். பிரான்ஸ் 1-3 என்று பின்தங்கியது. இன்னொரு ஆட்டம் தோற்றால் கதை முடிந்தது. கபா என்ற இளைஞர், இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹிபுமி அபேயை நீண்ட போராட்டத்துக்குப் பின் வீழ்த்தினார். அடுத்து கிளாரிஸ் அக்பெனெனு என்ற வீராங்கனை வென்றார். 3-3. கடைசி ஆட்டம் எந்த எடைப் பிரிவில் என்பதைத் தீர்மானிக்க மின்னணுச் சக்கரம் சுழன்றது. வந்து நின்றது மிகப் பெரிய எடைப் பிரிவில். அரங்கம் அதிர்ந்தது. அது ரினேருடைய பிரிவு.

எதிராளி தத்சுரு சைட்டோ. 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹிதோஷி சைட்டோவின் மகன். அன்றே சற்று முன்பு ரினேருடன் ஒரு நீண்ட ஆட்டம் ஆடித் தோற்றவர். இருவருமே களைத்திருந்தார்கள். மீண்டும் ஆட்டம் நீண்டது. கடைசியில் ரினேர் அவரை எறிந்தார். தங்கம் பிரான்சுக்கு. ரினேருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம், ஏழாவது ஒலிம்பிக் பதக்கம். ஜூடோவில் வேறு யாரும் ஐந்து தங்கம் பெற்றதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அணித் தங்கத்தை ரினேர் தனியாக வாங்கவில்லை. கபாவும் அக்பெனெனுவும் தங்கள் ஆட்டங்களில் வென்றிராவிட்டால் சக்கரமே சுழன்றிருக்காது. பத்தாண்டு காலம் தனி ஒருவராக நின்று வென்றவர், வாழ்க்கையில் மிகப் பெரிய கைத்தட்டலை வாங்கியது மற்றவர்களின் உழைப்பின் மேல் ஏறி நின்றபோதுதான்.

பாசத்தின் காரணம்

பிரான்சில் கால்பந்து வீரர்களுக்குக் கிடைக்கும் பணம் ஜூடோ வீரர்களுக்குக் கிடைப்பதில்லை. வாராவாரம் டெலிவிஷனில் ஜூடோ வருவதும் இல்லை. அப்படியிருந்தும் ரினேரின் முகம் தெரியாத வீடு அங்கே இல்லை எனலாம். அவருடைய புன்னகை விளம்பரங்களில் வருகிறது. சின்னக் குழந்தைகள் அவரோடு நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். அவர்களின் தலை அவர் இடுப்புக்குத்தான் வருகிறது.

வெற்றி மட்டுமே காரணம் என்றால் 2016-லேயே இந்தப் பாசம் உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். தொட்டது 2024-ல். நடுவே இரண்டு பெரிய தோல்விகள், காயங்கள், முடிந்துவிட்டார் என்ற பேச்சு. வேலையில் ஒரு தவறு, பதவி உயர்வில் ஓர் ஏமாற்றம், உடம்புக்கு ஒரு சுகவீனம் என்று விழுந்து எழும் சாதாரண மனிதனுக்கு 154 வெற்றிகள் எட்டாத உயரம். ஆனால் விழுந்தவன் எழுந்து, ஜெயித்தவனுக்குத் தலை வணங்கி, மறு நாள் காலை மறுபடி பயிற்சிக்குப் போவது புரிகிறது. அதில் தன்னையே பார்க்க முடிகிறது.

பாரிஸ் வெற்றிக்குப் பிறகு, 2028-ல் நடக்க இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைப் பற்றியும் ரினேர் பேசினார். அப்போது அவருக்கு 39 வயது ஆகியிருக்கும். அங்கே போவாரோ, வெல்வாரோ, அது வேறு விஷயம். புதன்கிழமைதோறும் பிரெஞ்சு ஊர்களின் ஜூடோ கூடங்களில் சின்னஞ்சிறுசுகள் வெள்ளைச் சட்டை மாட்டிக் கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரினேர் மாதிரி ஆக வேண்டும் என்று ஆசை. ஆசிரியர் சிரித்துக் கொண்டே முதல் பாடத்தை ஆரம்பிக்கிறார்: எப்படி விழுவது என்று.